வெளியே போக அனுமதி கேட்கிறது

அடுத்தவன் வீட்டைப் பார்த்துப் பொறாமைப்படலாம், பதவியைப் பார்த்துப் பொறாமைப்படலாம், நாற்பத்தைந்து வயதிலும் உதிராத தலைமயிரைப் பார்த்தும் பொறாமைப்படலாம். இந்த மூன்றிலும் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. ஆனால் அடுத்தவன் வீட்டு வாசலுக்கு எத்தனை திருடர்கள் வந்து திரும்பிப் போனார்கள் என்ற எண்ணிக்கையைப் பார்த்து வயிறெரிந்தவன் அக்கரப்பத்தனையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இரண்டாயிரங்களின் தொடக்க வருடங்கள். தோட்டத்து ஸ்டாப் குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்தோம். மகள் கண்டியில் விடுதியில் தங்கிப் படித்தாள். வீட்டில் நானும் மனைவியும்தான். நான் கடைத்தெருப் பக்கமிருந்த பாடசாலையில் தமிழ் படிப்பித்தேன். அதோடு ஒரு வாரப் பத்திரிகையில் பதினைந்து வருடமாக நகைச்சுவைக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று பஸ் ரூட்டில் என் பெயர் தெரியும் என்பது என் கணிப்பு. கண்டக்டர்கள் இன்றுவரை அதை உறுதிப்படுத்தவில்லை.

கட்டுரையை அழகாக டைப் அடித்து அனுப்ப வேண்டும் என்று ஹட்டனிலிருந்து ஒரு பழைய கொம்பியூட்டரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அதை மடியில் வைத்துக்கொண்டு வந்த ஒன்றரை மணி நேரத்தில் இருந்த பெருமை பிறகு அதை இயக்கிய காலத்தில் இருந்ததில்லை. டெலிபோன் லைன் ஏற்கெனவே இருந்தது. இரண்டையும் இணைத்ததும் உலகம் எங்கள் முன்வீடு என்ற முன்னறைக்கு வந்தது. உலகத்தோடு ஒரு புழுவும் வந்தது.

அந்த வருடம் எல்லோருடைய மெஷினிலும் அந்த வைரஸ் புழு புகுந்தது. லைனில் மாட்டிக் கொஞ்ச நேரத்தில் 'இன்னும் அறுபது விநாடியில் அணைந்துவிடுவேன்' என்று திரையில் ஒரு பெட்டி தோன்றும். அறுபது, ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு. நானும் மனைவியும் ராக்கெட் விடுகிறவர்கள் மாதிரி பக்கத்தில் நின்று பார்ப்போம். பூஜ்யம் வந்ததும் அணையும். மறுபடி போட்டால் மறுபடி அறுபது.

கடைசியில் எங்கள் பாடசாலைக் கணித ஆசிரியரைக் கூப்பிட்டேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். இரண்டு வருடத்தில் ஊருக்கு மாற்றம் வாங்கிப் போய்விடுவேன் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், அதையே ஏழாவது வருடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கடைத்தெருவில் மாடி அறை. அறையில் ஒரு கட்டில், ஒரு கொம்பியூட்டர், இரண்டுக்கும் நடுவில் அவர். ஏதோ சஞ்சிகையோடு இலவசமாக வந்த சீடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மழைக்குள் நடந்து வந்தார். புழுவைத் துரத்திவிட்டு ஒரு ஃபயர்வாலை ஏற்றினார். எங்கள் முன்வீட்டு மேசையில் அது வந்து குடியிருந்தது அப்படித்தான்.

"பாருங்கோ மாஸ்டர். வெளியிலயிருந்து ஆரும் உள்ளுக்கு வரப் பாத்தா இது மறிக்கும். உள்ளுக்கிருந்து ஏதும் வெளியில போக வெளிக்கிட்டாலும் உங்களைக் கேக்கும். நீங்கள் ஓம் எண்டா விடும். இல்லையெண்டா விடாது."

தேத்தண்ணி கொண்டுவந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "நம்ம ஸ்டோர் கேட்டு வாச்சர் மாதிரி."

"ஓம் டீச்சர், அப்பிடித்தான்."

"அப்ப இவர வுடாதே" என்று என்னைக் காட்டினாள்.

கணித ஆசிரியர் சிரித்தார். நானும் சிரித்தேன். நகைச்சுவை எழுத்தாளன் வேறென்ன செய்வது.

இதை விளக்க வேண்டும். தேயிலை ஃபெக்டரியை எங்கள் பக்கம் ஸ்டோர் என்பார்கள். ஸ்டோர் கேட்டில் ஒரு வாச்சர் இருப்பார். எங்கள் தோட்டத்தில் அப்போது துரையாக, அதாவது மேனேஜராக, இருந்தவரின் நாய் தினமும் காலையில் பெரட்டுக்கு ஜீப்பில் வந்து இறங்கும். ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் அந்த இடத்துக்கு அவர்கள் இரண்டு மைல் நடந்து வருவார்கள். இதைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதினேன். நாய்க்குப் பெயர் போடவில்லை, துரைக்கும் போடவில்லை. ஆனால் நாயின் நிறத்தைச் சரியாக எழுதிவிட்டேன். அடுத்த வாரம் துரை வாச்சரைக் கூப்பிட்டு, "அந்த மாஸ்டர் கேட்டுக்குள்ள காலெடுத்து வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நான் கேட்டுக்கு வெளியே. என் மனைவியோ தினமும் அதே கேட் வழியாக உள்ளே போய் வருகிறவள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைமடுவம் ஸ்டோருக்குப் பின்னால் இருந்தது. அதற்குப் பொறுப்பாக இருந்தவள் அவள்; அதனால் எல்லோருக்கும் டீச்சர்.

ஃபயர்வாலுக்கு வருவோம். திரையின் மூலையில் 'இதுவரை தடுக்கப்பட்டவை' என்று ஒரு எண்ணைக் காட்டும். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தேன். ஒன்பது. மறுநாள் ஆசிரியர் அறையில், சும்மா கேட்கிற மாதிரி, "உங்களுக்கு எவ்வளவு சேர்?" என்றேன்.

"என்ரையோ? ரெண்டாயிரம் தாண்டீற்றுது."

கையிலிருந்த தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டேன். ரஷ்யாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் திருடர்கள் கிளம்பி, அக்கரப்பத்தனை வரை வந்து, என் வாசலைத் தாண்டி, ஒரு கட்டிலும் இருபது அல்ஜீப்ரா வினாத்தாளும் உள்ள ஒரு மாடி அறையைத் தட்டியிருக்கிறார்கள். பதினைந்து வருடக் கட்டுரைகள் என் மெஷினில் கிடக்கின்றன. களவெடுக்க ஒருவனுக்கும் தோன்றவில்லை. அவர் லைனை நாள் முழுக்கப் போட்டு வைத்திருப்பார், நான் ஒரு மணி நேரம்தான் என்ற உண்மையை நான் கணக்கில் சேர்க்கவில்லை. பொறாமை கணிதத்தில் சித்தியடைந்ததில்லை.

இது சின்னப் பொறாமை. பெரியது வீட்டுக்குள்ளேயே வளர்ந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமைகளில் நான் ஹட்டனுக்கு டியூஷன் வகுப்புக்குப் போவேன். காலையில் போனால் திரும்ப மாலை. அந்த நேரத்தில் மனைவி கொம்பியூட்டரில் உட்கார்ந்து எதையோ டைப் அடிக்கிறாள் என்று தெரியும். மடுவத்து அறிக்கையாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு நாள் அதில் ஒரு பக்கத்தைக் காட்டி, "இது எப்படி இருக்குன்னு சொல்லுங்களேன்" என்றாள். மடுவத்தைப் பற்றிய சின்னக் கட்டுரை. நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். தமிழாசிரியன் கையில் அது தானாக வரும். ஒரு வரியைச் சுற்றி வட்டம் போட்டு, "இது வேணாம். உணர்ச்சி கூடிப்போச்சு" என்றேன்.

அந்த வரி இது: 'பிள்ளையைத் தந்துவிட்டுப் போகும் தாய் கையை முதலில் எடுப்பதில்லை, பார்வையைத்தான் முதலில் எடுக்கிறாள்.'

அவள் தலையாட்டினாள். அந்த வரியை எடுக்காமல், வெளிநாட்டிலிருந்து நடத்தப்பட்ட ஒரு தமிழ் இன்டர்நெட் சஞ்சிகைக்கு அனுப்பிவிட்டாள். அதை அவர்கள் வெளியிட்டும் விட்டார்கள். எனக்கு இது தெரியவந்தது கணித ஆசிரியர் வாயால்.

"மாஸ்டர், உங்கட மிஸிஸின்ர கட்டுரை வாசிச்சனான். ரெண்டு தரம் வாசிச்சனான். அந்தத் தாய் பார்வையை எடுக்கிற இடம் இருக்கே... சும்மா சொல்லக் கூடாது. என்ர அம்மா என்னை பஸ் ஏத்திவிட்ட நாள் ஞாபகம் வந்திட்டுது."

என் கட்டுரைகளையும் அவர் தவறாமல் வாசிப்பவர். ஏழு வருடத்தில் அவர் சொன்ன அதிகபட்சப் பாராட்டு, "இந்த முறை எழுத்துப் பிழை இல்லை" என்பது.

அதன் பிறகு சஞ்சிகை ஆசிரியரிடமிருந்து அவளுக்குக் கடிதங்கள் வந்தன. நீளமான கடிதங்கள். 'அன்புள்ள சகோதரி' என்று தொடங்கும். முதல் கடிதத்திலேயே தனக்கு எழுபத்திரண்டு வயது, இருதயத்தில் சத்திரசிகிச்சை, இரண்டு முழங்காலும் செயற்கை என்று எழுதியிருந்தார். புருஷனுக்கு வரக்கூடிய சாதாரணப் பொறாமைக்கு மனிதர் கொஞ்சமும் இடம் வைக்கவில்லை. வந்திருந்தால் ஊருக்காவது புரிந்திருக்கும். எனக்கு வந்தது வேறு. என் பதினைந்து வருடத்தில் ஒரு பத்திரிகை ஆசிரியரும் எனக்கு அரைப் பக்கம் எழுதியதில்லை. 'கிடைத்தது. அடுத்ததை ஒரு பக்கம் குறைக்கவும்' என்பதுதான் எனக்கு வந்தவற்றில் நீளமான கடிதம்.

இந்தக் கடிதங்களை அவள் காட்டியா நான் வாசித்தேன் என்று கேட்காதீர்கள்.

மூன்றாவது கடிதத்தில் அவர் ஒரு செய்தி எழுதியிருந்தார். பெண்கள் எழுதிய அனுபவக் கட்டுரைகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போடப்போகிறாராம். மலையகத்திலிருந்து இவள் ஒருத்திதானாம். மடுவத்தில் ஒரு வருடத்தைப் பற்றி நீளமாக எழுதித் தர வேண்டும், அடுத்த மாதக் கடைசிக்குள் வந்துவிட வேண்டும். அன்று அவள் அடுப்பில் இருந்த சோற்றைக் கருகவிட்டாள். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"புஸ்தகங்க" என்றாள். "அட்டை எல்லாம் போட்டு."

"நல்லது" என்றேன். எனக்கு அட்டை போட்ட புத்தகம் ஒன்றும் இல்லை என்பதை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

நாலு சனிக்கிழமை எழுதினாள். இந்த முறை எனக்குக் காட்டவில்லை. சிவப்புப் பேனாவை நானே மேசையில் எடுத்து வைத்தும் பார்த்தேன். அதை எடுத்து மடுவத்துப் பிள்ளைகளை நிறுத்து நிறை எழுதக் கொண்டுபோய்விட்டாள்.

அப்போதுதான் கணித ஆசிரியர் ஒரு புதன்கிழமை வந்து ஃபயர்வாலின் புதுப் பதிப்பைப் போட்டார். "பழைய பதில்களெல்லாம் இதுக்கு மறந்து போகும். ஒவ்வொண்டா திரும்பக் கேக்கும். யோசிச்சுச் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம். நான் பாடசாலை விட்டு வந்துவிட்டேன், அவள் மடுவத்தில். லைனைப் போட்டு, மெயில் புரோகிராமைத் திறந்தேன். என் கட்டுரைகள் தபாலில்தான் போகும்; எனக்கு மெயிலில் ஒரு வேலையும் இல்லை. அவளுக்குப் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்க்கத்தான் திறந்தேன். உடனே அந்தப் பெட்டி எழும்பியது. ஆங்கிலத்தில் இருந்ததை நான் மனதுக்குள் தமிழாக்கினேன், தொழில் பழக்கம்: 'இந்த மெயில் புரோகிராம் வெளியே போக அனுமதி கேட்கிறது. விடவா, வேண்டாமா?' அதற்குக் கீழே ஒரு சின்னச் சதுரம்: 'இந்தப் பதிலை ஞாபகம் வைத்துக்கொள். மறுபடி கேட்காதே.'

ஒரு கேள்வியை இவ்வளவு மரியாதையாக யாரும் என்னிடம் கேட்டதில்லை. துரை கேட்டதில்லை, பாடசாலை அதிபர் கேட்டதில்லை, பத்திரிகை ஆசிரியர் கேட்டதில்லை. நான் 'வேண்டாம்' என்பதை அழுத்தினேன். சதுரத்தில் சரி அடையாளமும் போட்டேன். அது தானாக விழுந்துவிட்டது என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். தானாக விழவில்லை. மவுஸ் என்ற அந்த எலியைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்த வேண்டியிருந்தது; நகர்த்தினேன்.

மறுநாள் சனிக்கிழமை அவள் கட்டுரையை முடித்து அனுப்பினாள். நான் ஹட்டனிலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் கேட்டாள்.

"ஏங்க, அனுப்புனது போயிருக்குமா? எழுதின பக்கம் மூடிருச்சு, ஆனா ஏதோ எரர்னு காட்டுச்சு."

"லைன் சரியில்லை" என்றேன். "மழைதானே. கொஞ்ச நேரத்துல தானா போயிரும்."

அக்கரப்பத்தனையில் மழையைக் காரணம் காட்டினால் யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள்.

பதில் வரவில்லை. எப்படி வரும், வருவதும் அதே கேட் வழியாகத்தானே வரவேண்டும். முதல் வாரம் அவள் தினமும் மடுவத்திலிருந்து வந்ததும் லைனைப் போட்டுப் பார்த்தாள்; வந்தவற்றை மட்டும்தான் பார்ப்பாள், போகாமல் நிற்பவைக்கு வேறொரு பக்கம் இருப்பது அவளுக்குத் தெரியாது. நானும் லைனைப் போட்டு ஏதோ வாசிக்கிற சாக்கில் உட்கார்ந்திருப்பேன். இரண்டாவது வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள். மூன்றாவது வாரம், "நான் எழுதுனது சரியில்ல போல" என்றாள்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். இருக்கவில்லை. எழுத்து என்றால் இப்படித்தான், நிராகரிப்பைத் தாங்கப் பழக வேண்டும், நானெல்லாம் எத்தனை பார்த்திருக்கிறேன் என்று ஒரு நீண்ட ஆறுதல் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். என் வாழ்க்கையில் அவள் எனக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்து கேட்ட ஒரே பிரசங்கம் அது. அடுத்த சனிக்கிழமை அவள் கொம்பியூட்டர் பக்கம் போகவில்லை. போர்வைகளையெல்லாம் ஊறவைத்துத் துவைத்தாள். மழைக்காலத்தில் போர்வை துவைக்கிறவர்கள் எங்கள் பக்கம் கிடையாது.

இதற்கிடையில் எனக்கு ஒரு நல்ல காலம் பிறந்திருந்தது. 'தடுக்கப்பட்டவை' எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. ஐம்பது, நூறு, இருநூறு. உலகத் திருடர்கள் கடைசியில் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நாலாவது வாரம் முந்நூறைத் தாண்டியதும் ஆசிரியர் அறையில் அறிவித்தேன். கணித ஆசிரியர் பேனாவைக் கீழே வைத்தார்.

"முந்நூறோ? ஒரு மாசத்துக்குள்ளயோ? உங்கட லைனிலயோ?"

"தினமும் ஏறுது" என்றேன், கொஞ்சம் கவலைப்படுகிற முகத்தோடு. பெரிய மனிதர்கள் தங்கள் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது அப்படித்தான் முகத்தை வைத்துக்கொள்வார்கள்.

"நான் ஒருக்கா வந்து பாக்கோணும்."

"ஞாயித்துக்கிழமை வாங்க. ரொட்டி சாப்பிடலாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஸ்டோர் பார்க்கக் கூட்டிப்போகும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. நான் எழுதிய நாய்க் கட்டுரைக்குப் பிறகு இரண்டு துரைமார் மாறிவிட்டார்கள். இப்போதைய துரை கையெழுத்துப் போட்ட கடிதம் என் பையில் இருந்தது. முப்பது பிள்ளைகளோடு கேட்டுக்குப் போனேன். வாச்சர் கடிதத்தை வாங்கித் தூரப் பிடித்து வாசித்தார்.

"புள்ளைங்க போகலாம்" என்றார். "சேர் நிக்கணும்."

"கடிதத்தில மாணவர்களும் ஒரு ஆசிரியரும்னு இருக்கே."

"ஒரு ஆசிரியர்னுதான் இருக்கு. நீங்கன்னு இல்லியே."

"யார் என்னை உள்ள வுட வேணாம்னு சொன்னது?"

"தொரை."

"அந்தத் தொரை போயி ரெண்டு தொரை வந்துட்டாங்களே!"

"வந்தாங்க. ஆனா ஒருத்தரும் வந்து, அந்த மாஸ்டர இப்ப வுடுன்னு சொல்லலியே சேர். வுடாதன்னு சொன்னா வுடாததுதான், வுடுன்னு சொல்ற வரைக்கும்." அவருக்கு என்மேல் கோபமே இல்லை. "இருங்க, மழை வருது, இந்தா இந்தக் கூரைக்குள்ள வந்து நில்லுங்க" என்று அன்போடு கேட்டுக்கு வெளியே ஓர் இடம் காட்டினார்.

பிள்ளைகள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பெண்பிள்ளை ஓடிப்போய் மடுவத்தில் சொல்லியிருக்க வேண்டும். என் மனைவி இடுப்பில் ஒரு குழந்தையோடு, தலையில் சேலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு மழைக்குள் வந்தாள்.

"என்ன அண்ணே?"

"பெரிய தொரை ஓடர் டீச்சரம்மா."

"இவரு நம்ம ஆளுதான். நான் பொறுப்பு. வுடுங்க."

"நீங்க சொல்றதுன்னா சரி" என்று உடனே கேட்டைத் திறந்தார். அவருடைய பேரனும் அந்த மடுவத்தில்தான் வளர்கிறான். புத்தகத்தை நீட்டினார். அதில் வருகிறவர் பெயர், யார் சொல்லி விட்டது என்று இரண்டு இடம் உண்டு. குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு அவள் இரண்டாவது இடத்தில் தன் பெயரை எழுதினாள். ஆறு வருடத்துக்குப் பிறகு நான் உள்ளே போனேன். என் எழுத்து மூடிய கேட்டை அவள் கையெழுத்து திறந்தது என்பதில் எனக்கு முதலில் வந்தது நன்றி அல்ல என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஆனாலும் உள்ளே கொழுந்து வாடும் வாசனைக்கு நடுவில் நிற்கும்போது மனது கேட்கவில்லை. அவள் வருவதற்குள் வீட்டுக்குப் போய் அந்தப் பதிலை மாற்றிவிடுவது என்று முடிவெடுத்தேன். மாதக் கடைசிக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன.

போனேன். கொம்பியூட்டரைப் போட்டேன். மெயிலைத் திறந்தேன். அவள் அனுப்பியது வெளியே போக வேண்டிய கடிதங்களின் வரிசையில் தன்னந்தனியாக நின்றது. மாற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை வாசித்துப் பார்ப்போம் என்று திறந்தேன்.

நன்றாக இருந்தது. அதற்கு மேல் சொல்ல இப்போதும் எனக்கு வாய் வரவில்லை. ஒரு பக்கத்தில் என்னைப் பற்றியும் இருந்தது. நான் கேட்டுக்கு வெளியே நின்று அவளிடம் சாப்பாட்டுப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போகிற ஒரு காட்சி. நான் பதினைந்து வருடம் எழுதி வரவழைக்காத சிரிப்பை அவள் அந்த நாலு வரியில் வரவழைத்திருந்தாள், என்னை வைத்து. சிரித்துவிட்டேன். சிரித்ததும் பதிலை மாற்றாமலே கொம்பியூட்டரை அணைத்தேன்.

'ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம்' என்று எழும்பி வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கணித ஆசிரியர் வந்தார். மனைவி ரொட்டியும் கட்டைச்சம்பலும் வைத்தாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே ஒரு கையால் எலியை உருட்டினார். மூலையில் எண் நானூற்றுப் பன்னிரண்டைக் காட்டியது. நான் நாற்காலியை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். எனக்கு அந்த நானூறு பற்றி ஒரு சந்தேகமும் இல்லை. அதைப் பார்த்து அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்ப்பதிலேயே குறியாக இருந்தேன்.

"டயறி ஒண்டு வைச்சிருக்கும் இது. எங்கையிருந்து வந்ததெண்டு பாப்பம்."

ஒரு நீண்ட பட்டியல் விரிந்தது. அவர் கொஞ்ச நேரம் அதை மேலும் கீழும் ஓட்டினார். ரொட்டியை மெல்வது நின்றது.

"மாஸ்டர், இது வெளியிலயிருந்து வந்ததில்லை. ஒரு பதினைஞ்சு இருபதை விட்டா மிச்சமெல்லாம் உள்ளுக்கிருந்து வெளியில போக வெளிக்கிட்டது. எல்லாம் ஒரே பேர்தான். உங்கட மெயில்."

அடுப்படி வாசலில் மனைவி நின்றாள்.

"லைனைப் போட்டு வைச்சா அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா இது போகப் பாக்குது. இது மறிக்குது. திரும்பவும் போகப் பாக்குது. அஞ்சு கிழமையா." பட்டியலின் ஆரம்பத்துக்குப் போனார். "இங்க பாருங்கோ. ஆரோ 'வேண்டாம்' எண்டு பதில் குடுத்திருக்கினம். ஞாபகம் வைக்கச் சொல்லியும் குடுத்திருக்கினம். வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலு பத்து."

கணக்கு வாத்தியார்களிடம் உள்ள குறை, விடையைக் கண்டதும் உரத்துச் சொல்லிவிடுவார்கள்.

மனைவி சம்பல் கிண்ணத்தை மேசையில் வைத்தாள். "வெள்ளிக்கிழமை நாலு பத்துக்கு நான் மடுவத்துல இருப்பேன்" என்றாள். என்னைப் பார்க்கவில்லை. அவருடைய ரொட்டித் தட்டைப் பார்த்துச் சொன்னாள்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கைகழுவ வேண்டும் என்று எழும்பப் பார்த்தார்.

"இருங்க சேர். இதுல சொன்ன பதில மாத்த ஏலுமா?"

"ஓம் டீச்சர். மாத்தலாம். இந்தச் சிவப்புப் புள்ளடி, பெருக்கல் குறி மாதிரி, இருக்கெல்லோ, அதை அமத்த வேண்டியதுதான்."

அவள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நின்றபடியே அமத்தினாள். சிவப்பு பச்சையானது. லைன் போட்டேன், அந்த வேலையையாவது எனக்கு விட்டார்கள். டெலிபோன் கீச்சிட்டு முடித்ததும் வரிசையில் நின்ற கடிதம் மறைந்தது. ஐந்து வாரம் நின்றது, போக ஒரு நிமிடமும் ஆகவில்லை. பிறகு வரவேண்டியவை வந்தன. அந்த எழுபத்திரண்டு வயது மனிதரிடமிருந்து மூன்று கடிதங்கள்.

முதலாவது, எழுதிக்கொண்டிருப்பீர்கள், காத்திருக்கிறேன் என்றது. இரண்டாவது, அச்சகத்தில் இடம் முன்கூட்டியே கிடைத்துவிட்டது, அடுத்த வாரத்துக்குள் வந்தால் சேர்த்துவிடலாம், உங்களுக்காகப் பன்னிரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன் என்றது. மூன்றாவது நாலு நாளைக்கு முன்னால் அனுப்பப்பட்டது. அதாவது நான் 'ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம்' என்று எழும்பி வந்த வியாழக்கிழமைக்கு முந்தின நாள். புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது, பன்னிரண்டு பக்கத்தையும் வேறு ஒருவருக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று, உங்கள் மௌனத்துக்குக் காரணம் இருக்கும், உடம்பு சுகம்தானே சகோதரி.

வியாழக்கிழமை திறந்திருந்தாலும் பிந்தித்தான் போயிருக்கும் என்று உடனே என் மனது கணக்குப் போட்டுச் சந்தோஷப்பட்டது. அப்படிப்பட்ட மனது.

அவள் மூன்றையும் நின்றபடியே வாசித்தாள். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து பதில் டைப் அடிக்கத் தொடங்கினாள். கணித ஆசிரியர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே பார்க்கப் பனிமூட்டம் மட்டும்தான் இருந்தது. நான் அவள் தோளுக்கு மேலால் பார்த்தேன். இதோ, என் கதை எழுத்தில் போகப் போகிறது, கடல் தாண்டி ஒரு பெரியவர் வாசிக்கப் போகிறார், அவர் நாலு பேருக்குச் சொல்வார் என்று நினைத்தேன். எனக்கு அது வேண்டியதுதான் என்றும் பட்டது.

அவள் எழுதியது இவ்வளவுதான்: 'அன்புள்ள ஐயா, தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். எங்கள் பக்கம் மழை. லைன் சரியில்லை. கட்டுரை இன்றுதான் போனது. புத்தகத்தில் இடமில்லாவிட்டாலும் வாசித்துப் பாருங்கள்.'

அனுப்பிவிட்டு எழும்பி, "சேர், இன்னொரு ரொட்டி போடவா?" என்றாள்.

புத்தகம் வந்தது. அட்டை போட்டு, எழுபத்திரண்டு வயதுக்காரர் கையெழுத்திட்டு ஒரு பிரதி அவளுக்கு அனுப்பினார். அதில் அவள் இல்லை. கட்டுரையைப் பிறகு சஞ்சிகையில் போட்டார்கள்; கணித ஆசிரியர் மூன்று தரம் வாசித்ததாகச் சொன்னார். சாப்பாட்டுப் பெட்டிக் காட்சியைப் பற்றி ஆசிரியர் அறையில் ஒருவரும் என்னிடம் பேசவில்லை. எல்லோரும் வாசித்திருந்தார்கள் என்பது அதிலிருந்தே தெரிந்தது.

அவள் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாகச் சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தேன். முதல் தடவை, "சோறு ஆறுது" என்றாள். இரண்டாவது தடவை, "தெரியுங்க" என்றாள். அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை கணித ஆசிரியர் புறப்படும்போது அவரை வாசல் கேட்டுவரை கொண்டுபோய் விட்டவள், ஏதோ கேட்டாள். இருவரும் திரும்பி வந்தார்கள். அவர் என் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்து ஃபயர்வாலில் ஏதோ செய்தார். பிறகு எழும்பி நின்று சுவரைப் பார்த்துக்கொள்ள, அவள் குனிந்து மெதுவாக, ஒரு விரலால், எட்டு எழுத்து அடித்தாள். அதன் பிறகு அந்தப் பெட்டி எழும்பி அனுமதி கேட்டால், பதில் சொல்லக் கடவுச்சொல் வேண்டும். நான் மடுவத்துக்கு ஆள் அனுப்புவேன். "கேக்குதுன்னு சொல்லு" என்பேன். அவள் வரும்வரை கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கடவுச்சொல் என்னவென்று அவள் சொன்னதில்லை. ஒரு நாள் அவள் இல்லாதபோது ஊகித்துப் பார்த்தேன். மூன்று தடவைதான் விடும். மூன்று தடவையும் அடித்தேன். முதலில் என் பெயர், பிறகு என் புனைபெயர், பிறகு எங்கள் கல்யாண நாள். மூன்றும் தவறு.